ஐ.டி. ஆளுகையைப் படிப்பிக்கும் குழு விளையாட்டில் தவிர்க்க வேண்டியவை

மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கமும் தகவல் தொழில்நுட்ப (ஐ.டி.) ஆளுகையை, அதாவது நிறுவனத்தின் கணினி விஷயங்களில் யார் முடிவெடுப்பது, யார் பொறுப்பு என்ற ஒழுங்கை, ஆளுக்கொரு பாத்திரம் கொடுக்கும் சிமுலேஷன் விளையாட்டு வைத்துப் படிப்பிக்கும் இளம் வளவாளர்கள் கூடிவருகிறார்கள். நல்ல விஷயம். ப்ரொஜெக்டரை முதலே பார்த்து வையுங்கள் என்றெல்லாம் அவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் நாங்கள் தொடங்கிய காலத்துப் பிழைகளே திரும்பவும் வருவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் பழுது திருத்திய குழுவுக்குப் பரிசு

கல்லடியில் ஒரு பயிற்சி. கதை இதுதான்: சித்திரை வருடப்பிறப்புக்கு முதல் வாரம், ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் நகை அடகு சிஸ்டம் விழுந்துவிடுகிறது. மேசைக்கு மேசை தலைவர், பணிப்பாளர் சபை, பொது முகாமையாளர், கம்ப்யூட்டர் பிரிவுப் பொறுப்பாளர்.

தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே ஒரு மேசையின் தலைவர் பேனையை எடுத்துச் சேர்வர் இணைப்பைக் கீறத் தொடங்கிவிட்டார். சபை முழுக்க அவரைச் சுற்றி நின்றது. பொறுப்பாளராக வந்த பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த மேசையில் அடகு வைத்தவர்களின் விபரத்தை ஒருவருடைய சொந்தப் போனில் ஏற்றி வேலையைத் தொடர்ந்தார்கள். யாரிடமும் கேட்கவில்லை. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென்று 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருப்பது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. நேரத்தை மட்டும் பார்த்த வளவாளர் அந்த மேசைக்கே முதற்பரிசைக் கொடுத்தார். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

ஐ.டி. ஆளுகைக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 38500, 2008இல் வந்தபோது சபைக்குக் கொடுத்தது மூன்று வேலை: மதிப்பிடுவது, வழிகாட்டுவது, கண்காணிப்பது. ஐ.டி. ஆளுகைக்கும் முகாமைத்துவத்துக்குமான வழிகாட்டிச் சட்டகமான கொபிட் 2019இன் 40 நோக்கங்களில் ஆளுகைக்குரியவை 5 மட்டும். மீதி 35ம் முகாமைத்துவத்தின் பாடு. வேகத்துக்குப் புள்ளி போட்டால் அந்த ஐந்தும் மேசைக்கே வராது. சபைத் தலைவர் நாளைக்குத் தன் அலுவலகத்திலும் சேர்வர் அறைக்குள்தான் போய் நிற்பார். ஒரு நாள் வேலையை விட்டு ஆட்களை அனுப்பிய நிறுவனம் அடுத்த முறை அனுப்பாது.

அதனால் சபையாக இருப்பவர்கள் பழுதின் விபரம் எழுதிய அட்டையைத் தொடவே கூடாது என்று முதலே விதி போடுங்கள். அவர்கள் முன் வேறு கேள்விகளை வையுங்கள். கைப்பேரேட்டுக்கு மாறுவதா? அடகு வைத்தவர்களுக்கு யார் அறிவிப்பது? புதிய சேர்வருக்குக் காசை யார் அனுமதிப்பது? புள்ளி அந்த முடிவுகளுக்குத்தான்.

உண்மையான மேலதிகாரியைத் தலைவர் கதிரையில் இருத்துவது

வேண்டாம். கீழே வேலை செய்பவர் வாயே திறக்கமாட்டார்.

வெளிநாட்டுக் கதையை அப்படியே எடுப்பது

அக்கரைப்பற்று நெல் ஆலை, ஒரு பிரதேச சபை. கதைக்கு இது போதும்.

கலந்துரையாடலுக்கு நேரம் வைக்காதது

விளையாட்டுக்கு எவ்வளவு நேரமோ, அதற்குப் பிந்திய பேச்சுக்கும் அவ்வளவு வையுங்கள். ஒவ்வொரு மேசையும் தன் கூட்டத்தின் அறிக்கையைச் சத்தமாக வாசிக்கட்டும். யார் எடுத்தது என்று பெயர் இல்லாத முடிவு ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி குறையுங்கள். சண்டைக்கு வருவார்கள். சரி, வரட்டும். அந்த வாக்குவாதத்தை இடையில் நிறுத்தாதீர்கள்.