லேசருக்கு முன் சிமிட்டாவை ஒளித்து வையுங்கள்

பாம்பன் பக்கத்துத் திருநங்கைத் தோழிகள் கேட்பது ஒன்றுதான்: ஹார்மோன் எடுத்தும் தாடி போகவில்லையே, லேசர் செய்யலாமா? செய்யலாம். ஹார்மோன் மட்டும் தாடியைப் போக்காது.

ஆனால் முதலில் முடி பிடுங்கும் இடுக்கியான சிமிட்டாவை ஒளித்து வையுங்கள். முடியிலுள்ள கருநிறமியைப் பிடித்துத்தான் லேசர் ஒளி வேருக்குச் சூட்டை இறக்குகிறது. வேரோடு பிடுங்கிவிட்டால் ஒளிக்கு அங்கே வேலையில்லை. நான்கு வாரத்துக்குப் பிடுங்குவது, நூல் வைத்து எடுப்பது எதுவும் வேண்டாம். முந்தின நாள் ரேசரால் மழித்தால் போதும். நரைமுடிக்கு லேசர் உதவாது, ஊசி வழியே மின்சாரம் செலுத்தி வேரை அழிக்கும் எலக்ட்ராலிசிஸ்தான்.

நம் கரையில் உண்மையான பகை வெயில். தனுஷ்கோடி மணலில் பட்டுத் திரும்பும் வெயில் குடையையும் ஏமாற்றும். வெயிலில் கறுத்த தோலை லேசர் சுட்டுவிடக்கூடும். சில வாரம் முன்பிருந்தே முகத்தை மூடிக்கொண்டு, எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன் பூசுங்கள். நம் நிறத்துக்கு மற்ற லேசர்களைவிட 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர் பாதுகாப்பானது. அது இருக்கிறதா என்று கேளுங்கள். தாடைக்கடியில் சிறிது சோதித்துப் பார்க்கவும் சொல்லுங்கள். நான் கூச்சப்பட்டுக் கேட்காமல் உட்கார்ந்தேன். மேலுதட்டில் மிளகளவு கரும்புள்ளி மறைய ஐந்து மாதமாயிற்று.

நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் எட்டுத் தடவையாவது போக வேண்டியிருக்கும். சிகிச்சைக்கு மதுரை போய்வரும் பஸ் கட்டணத்தையும் கணக்கில் சேருங்கள். முதல் வாரம் முடி வளர்வதுபோலத் தெரியும். பதற வேண்டாம், அது உதிரப்போகும் முடி. முகம் கழுவும்போது கையோடு வந்துவிடும்.