அப்பா அம்மா கவனிக்காத வீட்டுல வளர்ற பிள்ளைங்க என்ன பண்ணலாம்

குடிக்க மாட்டாரு, அடிக்க மாட்டாரு, ஊருக்குள்ள சாமின்னு கும்புடுவாங்க, ஆனா உலை வைக்க அரிசி இருக்கான்னு ஒரு நாளும் கேக்க மாட்டாரு. இப்படி ஒரு அப்பா இருக்குற பிள்ளைகளுக்காகத்தான் இத எழுதுறேன். எங்க வீடு டி.கல்லுப்பட்டி பக்கம். அப்பாவுக்கு ரசவாதக் கிறுக்கு, செம்பத் தங்கமாக்க மூலிகை தேடி அமாவாசை தவறாம சதுரகிரி ஏறிருவாரு, கையில வர்ற காசு பூரா பாதரசத்துக்கும் ஓலைச்சுவடிக்கும் போயிரும். அம்மாவுக்கு வாயில்லா ஜீவன்னா உசுரு, தெருவுல எம்புட்டு நாய் இருக்கோ அம்புட்டுக்கும் ரேஷன் அரிசியப் பொங்கிப் போட்டுட்டு எங்ககிட்ட திரும்பிப் பாக்கும்போது சட்டி காலியா இருக்கும். ரெண்டு பேருமே நல்லவங்க, எங்க மேல பாசமும் உண்டு, அதுல எனக்கு சந்தேகமே கிடையாது. ஆனா பாசம் இருக்குற வீட்டுலயும் பிள்ளைக பட்டினி கிடக்கும்.

முதல்ல ஒண்ணு சொல்லிர்றேன். அவங்க மாறுவாங்கன்னு காத்திருக்காதீங்க. அடுத்த அமாவாசைக்கு அப்பா போக மாட்டாரு, இந்த தடவ காச வீட்டுக்குக் குடுப்பாருன்னு நெனச்சு நெனச்சே நம்ம வயசு போயிரும். அவங்க கூட சண்ட போடுற தெம்ப எடுத்து நம்ம சோத்துக்கும் படிப்புக்கும் ஏற்பாடு பண்றதுல போடுங்க. அப்படி ஏற்பாடு பண்றது அவங்களுக்கு துரோகம் பண்றது ஆகாது.

சோறு. ரேஷன் கார்டு எங்க இருக்குன்னு தெரிஞ்சு வச்சுக்கங்க, கார்டுல பேர் உள்ளவங்க யாரு போயி கைரேகை வச்சாலும் சாமான் குடுப்பாங்க, அப்பா வரணும்னு இல்ல. அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபா, பாமாயில் 25 ரூபா. வாங்குன அன்னிக்கே அதுல ஒரு பங்க தனி டப்பாவுல எடுத்து பக்கத்து வீட்டு அம்மாச்சிகிட்ட குடுத்து வச்சிருங்க, வீட்டுல வச்சா நாய்க்குப் போகும் இல்லைனா வர்ற சாமியாருக்குப் போகும். ஸ்கூல் மதிய சாப்பாடு பத்தாவது வரைக்கும் உண்டு, தினமும் முட்டை உண்டு, வெக்கப்படாம நெறையா சாப்பிடுங்க, வீட்டுல இருந்து கட்டிட்டு வர்ற பிள்ளைக பாப்பாங்களேன்னு சாப்பிடாம இருக்காதீங்க. சத்துணவு அக்காவுக்கு யாரு பசியோட வர்றான்னு மூஞ்சியப் பாத்தே தெரியும், அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும். தம்பி தங்கச்சி அஞ்சாவதுக்குள்ள படிச்சா காலைச் சாப்பாடும் ஸ்கூல்லயே கிடைக்கும், 2022 செப்டம்பர் 15ல நம்ம மதுரை சிம்மக்கல் ஆதிமூலம் ஸ்கூல்லதான் அந்தத் திட்டத்த ஆரம்பிச்சாங்க, அதனால அவங்கள நேரத்துக்கு எழுப்பி விடுறது ஒண்ணுதான் உங்க வேலை. மதுரைக்குள்ள இருந்தா அம்மா உணவகத்துல இட்லி ஒரு ரூபா, சாம்பார் சாதம் அஞ்சு ரூபா, மீனாட்சி கோயில்ல மதியம் அன்னதானம் இருக்கு. ரொம்ப கஷ்டம் மே மாசம்தான், ஸ்கூல் லீவு, அப்ப யாரு வீட்டுல எத்தன நாள் இருக்கலாம்னு ஏப்ரல்லயே யோசிச்சு வைங்க, அப்பத்தா வீடு, சித்தி வீடுன்னு பிரிச்சுக்கலாம். போற இடத்துல சும்மா இருக்காம பூக்கட்டிக் குடுங்க, பாத்திரம் வெளக்கிக் குடுங்க, அடுத்த வருசமும் வாத்தான்னு கூப்பிடுவாங்க.

இன்னொண்ணு இதோட சொல்லியாகணும், எங்கள மாதிரி பாதரசத்த அடுப்புல வச்சுக் காய்ச்சுற வீடா இருந்தா அந்த ஆவி விஷம், நரம்பையும் கிட்னியையும் கெடுக்கும், கண்ணுக்கும் தெரியாது வாசனையும் வராது. சின்னப் பிள்ளைகள அந்த ரூம்ல படுக்க வைக்காதீங்க, திண்ணையில படுங்க, கொட்டிருச்சுன்னா வெளக்கமாத்தால கூட்டாதீங்க, அது இன்னும் சிதறும், கெட்டி அட்டையால ஒதுக்கி எடுத்து மூடி உள்ள பாட்டில்ல போடுங்க, ஜன்னல் கதவெல்லாம் தொறந்து விடுங்க.

அடுத்தது பேப்பர். இத சோத்துக்கு சமமா சொல்றேன், ஏன்னா நம்மள மாதிரி பிள்ளைக அறிவு இல்லாம நின்னு போறதில்ல, பேப்பர் இல்லாமத்தான் நின்னு போறாங்க. பிறப்புச் சான்றிதழ், ஆதார், ரேஷன் கார்டு நகல், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், மார்க் ஷீட், இதெல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு வீட்டுக்கு வெளிய நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட வைங்க. ஒழுகுற ஓட்டு வீட்டுல கரையான் திங்குறதுக்கு முன்னாடி ரெண்டு செட் ஜெராக்ஸ் போட்டுருங்க. பத்தாவது, பன்னெண்டாவது மார்க் ஷீட் டிஜிலாக்கர்லயும் எடுத்துக்கலாம். எங்கப்பா திடீர்னு ஒரு சித்தர் பேர வச்சுக்கிட்டு ஆதார்லயும் மாத்திட்டாரு, ரேஷன் கார்டுல பழைய பேரு, என் ஸ்கூல் ரெக்கார்டுல வேற ஸ்பெல்லிங், இத சரி பண்ண நான் அலைஞ்ச அலைச்சல் இருக்கே, உங்களுக்கு அது வேணாம். ஒன்பதாவது வரும்போதே எல்லாத்துலயும் உங்க பேரும் அப்பா அம்மா பேரும் ஒரே மாதிரி இருக்கான்னு எழுத்து எழுத்தாப் பாத்துருங்க. சாதி, வருமானம், முதல் பட்டதாரி மூணு சான்றிதழுக்கும் இ-சேவை மையத்துல போடலாம், ஒண்ணுக்கு 60 ரூபா, அப்புறம் வி.ஏ.ஓ ஆபீசுல ஒருக்கா நேர்ல போயி நிக்கணும், அப்பா வர மாட்டாருன்னா அம்மாவோ மாமாவோ கூட்டிட்டுப் போங்க.

இந்த பேப்பர் எதுக்குன்னா காசுக்குத்தான். எட்டாவது படிக்கும்போது என்.எம்.எம்.எஸ் பரிட்சைன்னு ஒண்ணு இருக்கு, அரசு ஸ்கூல், உதவி பெறும் ஸ்கூல் பிள்ளைகளுக்கு, பாஸ் பண்ணி செலக்ட் ஆனா ஒன்பதாவதுல இருந்து பன்னெண்டாவது வரை வருசம் 12,000 ரூபா. நெறைய பேரு சார் சொன்னாத்தான் எழுதுறாங்க, நீங்களே போயி கேளுங்க. ஆறுல இருந்து பன்னெண்டு வரை அரசு ஸ்கூல்ல படிச்சுட்டு காலேஜ் போனா பொண்ணுகளுக்கு புதுமைப்பெண், பசங்களுக்கு தமிழ்ப்புதல்வன், மாசம் 1,000. மெடிக்கலுக்கு 2020ல இருந்தும் இன்ஜினியரிங், வேளாண்மை, சட்டம் மாதிரி படிப்புக்கு 2021ல இருந்தும் அரசு ஸ்கூல் பிள்ளைகளுக்கு 7.5 சதவீதம் தனி இடம், பீஸ், ஹாஸ்டல் செலவ அரசே கட்டுது. அதனால அப்பா ஒரு ஆவேசத்துல இங்கிலீஷ் மீடியம் தனியார் ஸ்கூல்ல சேக்குறேன்னு கிளம்பி ஒரு டேர்ம் பீஸ் கட்டிட்டு விட்ருவாருன்னு தெரிஞ்சா, அங்கிட்டு போகாதீங்க, அரசு ஸ்கூலயே புடிச்சுக்கங்க. பத்து வயசு ஆச்சுன்னா போஸ்ட் ஆபீசுல உங்க பேர்லயே கணக்கு ஆரம்பிக்கலாம், குறைஞ்சது 500 போடணும், பாஸ்புக்கையும் அந்தக் கவரோட வெளிய வைங்க. அப்பா கேட்டா "ஸ்கூல்ல இருக்குப்பா"ன்னு சொல்லுங்க, அதுல தப்பு இல்ல.

மில்லுக்கு வா, மூணு வருசம் இருந்தா கல்யாணத்துக்கு மொத்தமா தர்றோம்னு ஏஜென்ட் வந்து முன்பணம் நீட்டுவான், அம்மா கையில அந்த நேரம் காசு இருக்காது. முடியாதுன்னு சொல்லுங்க, டீச்சர்கிட்ட அன்னிக்கே சொல்லிருங்க.

மூணாவது ஒரு பெரிய மனுசர். ஒரே ஒருத்தர் போதும், டீச்சர், அங்கன்வாடி அக்கா, அத்தை, யாரா வேணா இருக்கலாம். "எங்க வீட்டுல ரொம்ப கஷ்டம்"னு பொத்தாம்பொதுவா சொன்னா உச்சுக் கொட்டிட்டுப் போயிருவாங்க, என்ன வேணும்னு வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டா கேளுங்க. "சார், பாரத்துல கையெழுத்து வாங்க அப்பா ஊர்ல இல்ல, அம்மா கையெழுத்து செல்லுமா?" "டீச்சர், நாப்கின் இல்ல, ஸ்கூல்ல குடுக்குறது எனக்குக் கிடைக்குமா?" இப்படி. அப்பாவப் பத்தி சிரிக்கிற ஆளு, ஊர் பூரா சொல்லித் திரியிற ஆளு வேணாம். தனியா வா, யாருக்கும் சொல்லாதன்னு ஒருத்தர் உதவி பண்ண வந்தா அது உதவியே இல்ல, அந்தப் பக்கமே போகாதீங்க.

வீட்டுல படிக்க முடியலைனா ஹாஸ்டல் பாருங்க. பிற்பட்டோர் நல விடுதி, ஆதிதிராவிடர் நல விடுதி, உசிலம்பட்டி பக்கம் கள்ளர் விடுதின்னு இருந்துச்சு, 2025ல இருந்து எல்லாத்துக்கும் சமூகநீதி விடுதின்னு பேரு, தங்குறதும் சாப்பாடும் இலவசம். பிற்பட்டோர் விடுதிக்கு வீட்டுல இருந்து ஸ்கூல் 8 கிலோமீட்டருக்கு மேல தூரம் இருக்கணும்னு ஒரு விதி உண்டு, பொம்பளப் பிள்ளைகளுக்கு அந்த விதி கிடையாது. மதுரையிலயே இருக்குறவங்களுக்கு நத்தம் ரோட்டுல கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கு, 2023ல தொறந்தாங்க, ஃபேன், லைட், தண்ணி, டாய்லெட் எல்லாம் இருக்கு, யாரும் எந்திரின்னு சொல்ல மாட்டாங்க. கரண்ட் கட்டான வீட்டுல இருந்து வர்ற பிள்ளைக்கு அது எவ்வளவு பெருசுன்னு எனக்குத் தெரியும்.

இதெல்லாம் பண்ணியும் சமாளிக்க முடியலைனா, அப்பா அம்மா நாள்கணக்கா வரலைனா, சின்னது காய்ச்சல்ல கிடந்தும் ஆஸ்பத்திரி கூட்டிட்டுப் போக ஆள் இல்லைனா, யாராவது தப்பா நடந்துகிட்டா, 1098க்கு போன் போடுங்க, அது பிள்ளைகளுக்கான உதவி நம்பர். காசு கிடையாது, ராத்திரி பகல் எப்பவும் எடுப்பாங்க. போலீஸ் வந்து அப்பாவக் கூட்டிட்டுப் போயிரும், நம்மள ஹோம்ல போட்டுருவாங்கன்னு பயந்துதான் நெறைய பேரு கூப்பிட மாட்டாங்க. 2015ல வந்த சிறார் நீதிச் சட்டப்படி மாவட்டத்துக்கு மாவட்டம் குழந்தைகள் நலக் குழு இருக்கு, குடும்பத்துல இருந்து பிரிக்கிறது கடைசி வழியாத்தான் இருக்கணும்னு அதே சட்டம் சொல்லுது. வீட்டுலயே இருந்து படிக்க தகுதி உள்ள பிள்ளைகளுக்கு மாசம் 4,000 ரூபா குடுக்குற திட்டமும் மிஷன் வாத்சல்யாங்குற குழந்தைகள் நலத் திட்டத்துல இருக்கு, கூப்பிடும்போது அதையும் கேளுங்க.

சொந்தக்காரங்க வந்து "நீதான் அப்பன திருத்தணும்"னு சொல்வாங்க. கேட்டுக்கங்க, ஆனா எடுத்துக்காதீங்க, அது பிள்ள வேலை இல்ல. அப்பா கூட இருக்க ஆசையா இருந்தா அவரு மூலிகை சொல்லித் தரும்போது கத்துக்கங்க, அம்மா கூட சேந்து நாயத் தடவிக் குடுங்க, அந்த நேரம் நெசமாவே நல்லா இருக்கும். காசும் பேப்பரும் மட்டும் அவங்க கையில வேணாம்.

மூத்த பிள்ளையா இருந்தா காலேஜ் போறதுக்கு முன்னாடி அடுத்த தம்பியையோ தங்கச்சியையோ ரேஷன் கடைக்குக் கூட்டிட்டுப் போயி கடைக்காரருக்கு காட்டி விடுங்க, கைரேகை விழுதான்னு அங்கயே வச்சுப் பாத்துருங்க. கவர் யாருகிட்ட இருக்குன்னு சொல்லுங்க, உங்க டீச்சர்கிட்ட "இனி இவன் வருவான் டீச்சர்"னு அறிமுகம் பண்ணி வைங்க. ஹாஸ்டல் சேந்த முதல் வாரமே ஒரு போன் போட்டு காலையில ஸ்கூலுக்கு நேரத்துக்கு போறாங்களான்னு கேளுங்க.