மலைக்கிராமத்துக்கு விளையாட்டுத் திடல் கேட்பது எப்படி

நீலகிரியில் சமதளம் கிடைப்பது அரிது என்பதால், திடல் கேட்கும் முன் இடத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் புல எண்ணைச் சொல்லி, அந்நிலம் புறம்போக்கா, பட்டாவா, வனத்துறைக்கு உரியதா என்று கேட்டறிய வேண்டும். வனநிலம் என்றால் வேறு இடம் தேடுவதே நல்லது.

அடுத்தது கிராமசபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் அக்கூட்டத்தில், தேயிலை பறித்துத் திரும்பும் பெண்கள் மாலையில் நடப்பதற்கான பாதையையும் சேர்த்துக் கேளுங்கள். திடல் என்றாலே இளைஞர்களின் கிரிக்கெட் மட்டும்தான் என்று எண்ணிவிடுவது பெருங்குறை. தீர்மானம் பதிவேட்டில் புல எண்ணுடன் எழுதப்பட்டதா என்பதைப் படித்துப் பார்த்த பிறகே கையொப்பமிடுங்கள்.

தீர்மான நகலுடன், செலவில் ஒரு பங்கை மக்களே ஏற்கும் ‘நமக்கு நாமே’ திட்டத்திலோ சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியிலோ பணம் கோரலாம். பதில் தாமதமானால், திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு பெறுங்கள்.

திடலுக்கான செலவு மதிப்பீட்டில் மேட்டுப்பக்க வடிகாலும் தடுப்புச் சுவரும் கட்டாயம் இடம்பெறட்டும். அவை இல்லாத திடலில் ஜூன் மாத மழைக்குச் செம்மண் கரைந்து கணுக்கால் புதையும்.