மணற்குவியல் தட்டையாகச் சரிந்தபோது துகள் வடிவத்தை மாற்றிய விதம்

சிங்கப்பூரில் கடலைத் தூர்த்து நிலமாக்கும் நிலமீட்புக்குப் பயன்படும் மணலை, ஒவ்வொரு துகளின் இயக்கத்தையும் தனித்தனியே கணக்கிடும் தனித்துகள் முறையில் கணினியில் உருவகப்படுத்தியபோது, ஆய்வகத்தில் 33 பாகைச் சரிவில் நின்ற குவியல், கோளத் துகள்களால் அமைந்ததும் 20 பாகையை ஒட்டியே படிந்துவிட்டது. பீட்டர் கண்டால், ஓட்டோ ஸ்ட்ராக் ஆகிய ஆய்வாளர்கள் 1979இல் இம்முறை பற்றி வெளியிட்ட மூல ஆய்வு வட்டத் தட்டுகளைக் கொண்டது. இரு கோளங்கள் தொடுகின்றனவா என்பதை, மையங்களின் இடைத்தொலைவை ஆரங்களின் கூட்டுத்தொகையோடு ஒப்பிட்டே அறியலாம் என்பதால் கணக்கு விரைவாக முடியும். ஆனால் கோளம் தடையின்றி உருண்டுவிடும்.

துகள் உருள்வதைத் தடுக்கும் அளவான உருளல் உராய்வுக் கெழுவை உயர்த்தினால் ஆய்வகச் சரிவு கிடைத்துவிடும். எனினும், மணிகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதும், நெருங்கி அடுக்கிய மணல் வெட்டுவிசையில் (அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக நழுவச்செய்யும் விசையில்) விரிவதும் அதில் முழுமையாக வெளிப்படாததால், அதை வெறும் ஒட்டுப்போடலாகவே கருதுகிறேன். பல தட்டை முகங்கள் கொண்ட பன்முகித் துகள்கள் கூர்முனைகளை நன்கு காட்டும். ஆனால் அவற்றின் தொடுகையைக் கண்டறிவதற்கே கணினி நேரம் கரைந்துவிடும்.

ஆகவே, நுண்ணோக்கிப் படங்களில் அளந்த நீள அகல விகிதத்துக்கு ஏற்ப, ஒன்றையொன்று ஊடுருவும் சில கோளங்களை இறுகப் பிணைத்த கொத்துகளைத் தேர்ந்தெடுத்தேன். ஊடுருவும் பகுதி இருமுறை எண்ணப்படாதவாறு ஒவ்வொரு கொத்தின் நிறையையும் சுழற்சிக்கு அது காட்டும் தடையான நிலைமத் திருப்புத்திறனையும் தனியே கணக்கிட்டுக் கொடுப்பது இங்கே மிக முக்கியம். அதன்பின், உருளல் உராய்வைச் சுழியமாக வைத்தும் குவியல் ஆய்வகச் சரிவுக்கு அருகிலேயே நின்றது. கூர்மையான சரளைக்கல்லாக இருந்திருந்தால், நேரம் போனாலும் பன்முகியையே எடுத்திருப்பேன்.