பிளைவுட் விளிம்பின் நடுவே துளை: பலகையின் கனம் மாறினாலும் மையம் தவறாமல் இருக்க

கடையில் 18 மி.மீ. என்று கேட்டு வாங்கிய பிளைவுட் பலகையைக் காலிப்பரில் (கனம் அளக்கும் கருவி) வைத்து அளந்தால் பெரும்பாலும் 18 காட்டுவதில்லை. ஒரு மூலையில் 17.4, அடுத்த மூலையில் 17.7, வேறொரு லோடில் வந்த பலகையில் 18.2 என்று வரும். இதை உடனே ஏமாற்று வேலை என்று முடிவு கட்ட வேண்டாம். பொதுப் பயன்பாட்டு பிளைவுட்டுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 303, 6 மி.மீ.யும் அதற்கு மேலும் கனமுள்ள பலகைகளில் 5 விழுக்காடு வரை கூடக் குறைய இருப்பதை ஏற்றுக்கொள்கிறது. 18 மி.மீ. பலகைக்கு அது 0.9 மி.மீ. ஆகும். உள்ளே அடுக்கப்படும் மரத்தாள்கள் ஒரே சீரான கனத்தில் சீவப்படாததும், இரண்டு தாள்கள் ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடுவதும், அழுத்திய பின் தேய்க்கும்போது ஒரு பக்கம் கூடுதலாகத் தேய்ந்துவிடுவதும் இந்த வேறுபாட்டுக்குக் காரணங்கள். கனம் சீராக்கப்பட்ட பலகை என்று தனியாக விற்பதை வாங்கினால் தொல்லை குறையும். ஆனால் வீட்டில் கிடக்கும் மிச்சத் துண்டுகளை வைத்து வேலை செய்பவருக்கு அந்த வசதி கிடையாது.

இங்கே எடுத்துக்கொள்ளும் வேலை இதுதான். வெவ்வேறு பலகைகளிலிருந்து மிஞ்சிய இரண்டு துண்டுகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து, அறைக்கு நடுவே இருபுறமும் தெரியும்படி நிற்கும் ஒரு தடுப்புப் பலகையாக்க வேண்டும். இரண்டு விளிம்புகளிலும் எதிரெதிரே நீள்துளைகள் எடுத்து, அவற்றுக்குள் 6 மி.மீ. கனமுள்ள மரக் கழுந்துகளை (இரு துண்டுகளையும் இணைக்கும் சிறு மரத்துண்டுகள்) தனியாகச் செருகி ஒட்டப் போகிறோம். துளை விளிம்பின் நடுவில் இருந்தால் அதன் இருபுறமும் ஏறக்குறைய 6 மி.மீ. சுவர் நிற்கும், ஒரு பக்கம் சாய்ந்தால் மெலிந்த சுவர், அதிலும் உள்ளடுக்கில் காலியிடம் இருக்கும் பலகையில், கழுந்தைத் தட்டும்போதே பிளந்துவிடக்கூடும்.

முதலில் ஒரு முடிவு: மையம் உண்மையிலேயே தேவையா?

புதியவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமலேயே வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். 17.4 மி.மீ. துண்டையும் 18.2 மி.மீ. துண்டையும் சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டிலும் முன்முகத்திலிருந்து ஒரே தூரத்தில், எடுத்துக்காட்டாக 9 மி.மீ.யில், துளை எடுத்தால் முன்புறம் சமமாக ஒட்டி நிற்கும், 0.8 மி.மீ. படி (இரு துண்டுகளுக்கிடையே தெரியும் ஏற்ற இறக்கம்) முழுவதும் பின்புறத்துக்குப் போய்விடும். இரண்டிலும் சரியான மையத்தில் துளை எடுத்தால் அந்த வேறுபாடு பாதியாகப் பிரிந்து, இரு புறமும் 0.4 மி.மீ. படி வரும். மேசைப் பலகைக்கும், சுவரோடு சாத்தி நிற்கும் அலமாரிக்கும் முதல் வழியே நல்லது; அங்கே மையத்தைத் தேடுவது வீண் உழைப்பு. இருபுறமும் கண்ணில் படும் தடுப்புக்கும், பட்டி பூசிப் பெயின்ட் அடிக்கப்போகும் வேலைக்கும், எது முன் எது பின் என்று மாறிப்போக வாய்ப்புள்ள பல துண்டுகளுக்கும் மையமே சரி.

மோசமான விளைவு தருவது மூன்றாவது வழி. 18-இல் பாதி 9 என்று மனக்கணக்குப் போட்டு, எந்த முகத்திலிருந்து அளக்கிறோம் என்பதைக் குறித்துக்கொள்ளாமல் வேலை செய்வதுதான் அது. 17.4 மி.மீ. பலகையின் உண்மையான மையம் 8.7-இல் இருக்கிறது. 9-இல் எடுத்த துளை 0.3 மி.மீ. விலகி நிற்கும். ஒரே பலகையிலிருந்து வெட்டிய இரு துண்டுகளில்கூட, ஒன்றை முன்முகத்திலிருந்தும் மற்றொன்றைப் பின்முகத்திலிருந்தும் அளந்துவிட்டால் அந்த 0.3 இரட்டித்து 0.6 மி.மீ. படியாகிறது. என் முதல் அலமாரியில் நடந்தது இதுதான். பழியைப் பலகையின் மேல் போட்டுச் சில மாதங்கள் திருப்தியாக இருந்தேன்.

படி 1: அளத்தல்

துளை வரப்போகும் இடங்களிலேயே கனத்தை அளக்க வேண்டும். ரம்பம் விட்டுச் சென்ற சிலும்புகளை உப்புத்தாளால் எடுத்துவிட்டு, ஒவ்வொரு துளை இடத்திலும் காலிப்பர் காட்டும் எண்ணைப் பென்சிலால் பலகை மேலேயே எழுதுங்கள். இந்த எண்களை வைத்து எதையும் கணக்கிடப் போவதில்லை. வேறுபாடு எவ்வளவு என்று தெரிந்துகொள்வதற்காக மட்டுமே அளக்கிறோம். துண்டுகளுக்கிடையே 1 மி.மீ.க்கு மேல் வேறுபாடு இருந்தால் வேறு துண்டு தேடுவதே நல்லது.

மைக்கா ஒட்டும் எண்ணம் இருந்தால் அதை இப்போதே யோசிக்க வேண்டும். ஒரு புறம் மட்டும் 1 மி.மீ. மைக்கா ஒட்டினால் மொத்தக் கனத்தின் மையம் அந்தப் பக்கமாக 0.5 மி.மீ. நகர்ந்துவிடும். ஆகவே ஒரு புறம் மட்டும் ஒட்டுவதாக இருந்தால் ஒட்டிய பிறகே துளை எடுக்க வேண்டும். இருபுறமும் ஒரே கனத்தில் ஒட்டினால் மையம் இடம் மாறாது.

படி 2: மையத்தைக் கீறிப் பார்த்தல்

மார்க்கிங் கேஜை (விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில் கோடு கீறும் கருவி) உத்தேசமாகப் பாதிக் கனத்துக்கு வைத்து, ஒரு முகத்தில் அணைத்து விளிம்பில் சிறு கீறல் போடுங்கள். பிறகு எதிர் முகத்தில் அணைத்து, அதே இடத்தில் இன்னொரு கீறல் போடுங்கள். இரண்டு கீறல்கள் தனித்தனியாகத் தெரிந்தால் மையம் அவற்றின் நடுவில் இருக்கிறது. கேஜைச் சிறிது நகர்த்தி, இரண்டும் ஒரே கோடாகும் வரை திரும்பச் செய்யுங்கள். ஸ்கேல், எண், வகுத்தல் எதுவும் இதில் தேவைப்படுவதில்லை; பலகையின் இரண்டு முகங்களே மையத்தைச் சொல்லிவிடுகின்றன. கையால் உளி கொண்டு ஒன்றிரண்டு துளைகள் மட்டும் எடுப்பவருக்கு இதுவே போதும். பத்து, இருபது துளைகள் என்று போகும்போது, அதுவும் ஒவ்வோர் இடத்திலும் கனம் மாறும்போது, ரூட்டருக்கு (பிட் எனும் சுழலும் வெட்டுமுனையால் மரத்தில் பள்ளம் எடுக்கும் மின்கருவி) ஒரு தளம் செய்துகொள்வது நல்லது.

விழக் கூடாத ஒரு பொறி

ரூட்டரின் ஃபென்ஸை (பலகையை ஒட்டி ஓடும் வழிகாட்டிப் பட்டை) ஒரு முகத்தில் அணைத்து ஓட்டிவிட்டு, பிறகு எதிர் முகத்தில் அணைத்து மறுபடி ஓட்டினால் துளை தானாக மையத்துக்கு வந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். மையம் வரும் என்பது உண்மைதான். ஆனால் இந்த முறையில் மாறாமல் இருப்பது சுவரின் கனம். துளையின் அகலம் பலகைக்குப் பலகை மாறும். சுவர் 5.5 மி.மீ. என்று ஃபென்ஸை வைத்தால், 17.4 மி.மீ. பலகையில் துளை 6.4 மி.மீ. அகலமும், 18.2 மி.மீ. பலகையில் 7.2 மி.மீ. அகலமும் இருக்கும். ஒரே கழுந்து ஒன்றில் இறுகும், மற்றொன்றில் ஆடும். நமக்குத் தேவை அகலம் மாறாத துளையும், பலகைக்கேற்ப மாறினாலும் இருபுறமும் சமமாக நிற்கும் சுவர்களும்.

படி 3: இரண்டு முளை வைத்த தளம்

ரூட்டரின் அடித்தகட்டுக்குப் பதிலாக, 6 மி.மீ. அக்ரிலிக்கிலோ நல்ல பிளைவுட்டிலோ ஒரு தளம் வெட்டி, அதே திருகுத் துளைகளில் பூட்டுங்கள். ரூட்டரில் 6 மி.மீ. பிட்டைப் போட்டு, இயக்கி, தளத்தின் வழியாக நேராக இறக்குங்கள். பிட் தானே எடுத்த இந்தத் துளைதான் நம்முடைய மையம். திருகுத் துளைகளை வைத்து மையத்தைக் கணக்கிட்டால் பிழை வரும்.

அடுத்து, அந்தத் துளையின் மையத்தின் வழியாக ஒரு நேர்கோடு கீறி, அதே மையத்திலிருந்து இருபுறமும் கவராயத்தால் 30 மி.மீ. தூரத்தில் புள்ளி வையுங்கள். இரண்டு புள்ளிகளிலும் 8 மி.மீ. துளையிட்டு, ஒரே கம்பியிலிருந்து வெட்டிய இரண்டு முளைகளைக் கீழ்ப்புறம் 12 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும்படி இறுக்கமாகச் செருகுங்கள். முளைகள் மரமாக இருக்கலாம். இரும்புக் கம்பி என்றால் முனையை மழுக்கி மெழுகு தேய்த்துக்கொள்ளுங்கள், இல்லையேல் முகத்தாளில் கோடு விழும்.

ரூட்டரைப் பலகையின் விளிம்பில் வைத்தால் ஒரு முளை முன்முகத்துக்கு வெளியேயும், மற்றது பின்முகத்துக்கு வெளியேயும் நிற்கும். ரூட்டரைச் சற்றுத் திருப்பி இரண்டு முளைகளும் அந்தந்த முகத்தைத் தொடும்படி செய்தால், இரண்டும் பிட்டிலிருந்து ஒரே தூரத்தில் இருப்பதால், பிட் விளிம்பின் நடுவில் வந்து நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. கனம் கூடினால் ரூட்டர் திரும்பும் கோணம் சிறிது குறையும், குறைந்தால் கூடும்.

படி 4: சோதனை வெட்டு

மிச்சத் துண்டு ஒன்றில் 5 மி.மீ. ஆழத்துக்குச் சிறு துளை எடுங்கள். பிறகு ரூட்டரை 180 பாகை திருப்பி வைத்து, முதலில் திருகிய அதே திசையில் மீண்டும் திருகி, முளைகள் எதிரெதிர் முகங்களைத் தொட, அதே துளையில் இன்னொரு முறை ஓட்டுங்கள். தளம் சரியாக இருந்தால் பிட் எதையும் புதிதாகச் சீவாது. துளை 6 மி.மீ.க்குப் பதிலாக 6.4 மி.மீ. ஆகிவிட்டால் உங்கள் தளம் அதில் பாதி, அதாவது 0.2 மி.மீ. மையம் விலகியிருக்கிறது என்று பொருள். விலகல் 0.1 மி.மீ.க்குள் இருந்தால் விட்டுவிடலாம். அதற்கு மேல் போனால் முளையை ராவிச் சரிக்கட்ட முயலாமல், அதே தளத்தில் வேறு திசையில் புதுக் கோடு கீறி, இரண்டு துளைகளைப் புதிதாக இடுவது எளிது.

படி 5: துளை எடுத்தல்

பலகையை விளிம்பு மேல்நோக்கி இருக்கும்படி நிறுத்தி, கிளாம்ப் போட்டு அசையாமல் இறுக்குங்கள். இரண்டு துண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, துளைகளின் தொடக்கத்தையும் முடிவையும் மூலைமட்டத்தால் இரண்டின் குறுக்கேயும் ஒரே கோடாக இழுத்துக்கொள்ளுங்கள். 40 மி.மீ. நீளத் துளை, 22 மி.மீ. ஆழம், துளைக்குத் துளை 200 மி.மீ. இடைவெளி என்பது இத்தகைய தடுப்புக்குப் போதும்.

ஒரே மூச்சில் முழு ஆழமும் இறக்க வேண்டாம். ஒவ்வோர் ஓட்டத்திலும் 4 அல்லது 5 மி.மீ. மட்டும் இறக்குங்கள். திருகிப் பிடித்த அழுத்தத்தைத் துளை முடிந்து பிட் மேலே வரும்வரை தளர்த்தக் கூடாது. 18 மி.மீ. விளிம்பின் மேல் ரூட்டர் முழுப் பாரத்தோடு நிற்பதால் அது பக்கவாட்டில் சாயப் பார்க்கும். இந்த முறையின் உண்மையான பலவீனம் இதுதான். கைப்பிடிகளைத் தாழ்வாகப் பிடித்து, பாரத்தைப் பிட்டுக்கு நேர் மேலே வைத்துக்கொள்ளப் பழகும் வரை கழிவுத் துண்டிலேயே நாலைந்து துளைகள் எடுத்துப் பாருங்கள். கண்ணாடியும் தூசிக்கு முகமூடியும் கட்டாயம்.

பலகையின் முனைக்கு 30 மி.மீ.க்குள் துளை வந்தால் ஒரு முளை முனையைத் தாண்டி வெளியே போய்விடும். அந்த நொடியே ரூட்டர் திரும்பி, துளை கோணலாகும். அங்கே அதே பலகையிலிருந்து வெட்டிய ஒரு துண்டை முனையோடு முனை சேர்த்து இறுக்கி, பலகையைத் தற்காலிகமாக நீட்டிக்கொள்ள வேண்டும். வேறு பலகையின் துண்டை வைத்தால் கனம் மாறி, செய்த வேலையெல்லாம் பாழாகும்.

படி 6: கழுந்து

கழுந்துக்கு 6 மி.மீ. பிளைவுட்டை எடுக்காதீர்கள், அதுவும் 6 மி.மீ. இருக்காது. தேக்கு போன்ற கெட்டி மரத்தை இழைத்து, துளையில் கைவிரல் அழுத்தத்துக்கு இறங்கி, தலைகீழாகப் பிடித்தால் விழாத அளவுக்குக் கனம் சரிசெய்யுங்கள். இரண்டு துளைகளும் சேர்ந்து 44 மி.மீ. ஆழம் என்றால் கழுந்து 42 மி.மீ. நீளம் இருந்தால் போதும். மீதி இடம் பசைக்கு. அகலத்தையும் துளையின் நீளத்தைவிட 1 மி.மீ. குறைத்தால், பொருத்தும்போது பலகைகளை நீளவாக்கில் சிறிது நகர்த்திச் சரிசெய்ய முடியும். கனத்தில் மட்டும் எந்தத் தளர்வும் கூடாது, ஏனெனில் மையத்தைக் காப்பது அதுதான்.

பசையின்றி ஒருமுறை முழுவதும் பொருத்தி, இணைப்பின் குறுக்கே நகத்தை இரு புறமும் ஓட்டிப் பாருங்கள். 17.4-உம் 18.2-உம் சேர்ந்த இடத்தில் நகம் இரு புறமும் ஒரே அளவில் தடுக்க வேண்டும். ஒரு புறம் மட்டும் தடுத்தால், பசை எடுக்கும் முன் அந்தத் துளையைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் உள்ளே தங்கிய தூசியோ, ரூட்டர் சாய்ந்ததோதான் காரணமாக இருக்கும்.