சூரிச்சில் உறவினர் வீடு, திச்சினோவில் மூன்று இரவுகள்

கொழும்பிலிருந்து சுவிஸுக்குப் போகும் நம்மவர்களில் பலர் சூரிச்சிலோ பேர்னிலோ உள்ள உறவினர் வீட்டில் தங்கி, காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பும் பயணங்களோடு விடுமுறையை முடித்துக்கொள்கிறார்கள். அல்ப்ஸின் தென்சரிவில் இத்தாலிய மொழி பேசும் திச்சினோ மாநிலத்தை அப்படிப் பார்க்க முனைவது பணத்துக்கும் நட்டம், காலுக்கும் நட்டம். அங்கே விடுதியிலோ கூடாரத் தளத்திலோ ஓரிரவு தங்கினாலே 'திச்சினோ டிக்கெட்' கிடைக்கும். தங்கும் நாள்களில் மாநிலத்துக்குள் பஸ்ஸும் புகையிரதமும் இலவசம், கேபிள் கார்களில் கழிவும் உண்டு. உறவினர் வீட்டில் படுப்பவருக்கு இந்தச் சலுகை இல்லை.

ஷெங்கன் விசா விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். கடைசிப் பதினைந்து நாள்கள் வரை தள்ளிப்போடக் கூடாது. பயணக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். உறவினரின் அழைப்புக் கடிதத்தில் எல்லா நாளும் அவர் வீட்டிலேயே தங்குவதாக எழுதியிருக்க, நீங்கள் திச்சினோவின் லொகார்னோ நகரில் அறை பதிவு செய்திருந்தால் இரண்டும் முரண்படும். ஆகவே கடிதம் எழுதும்போதே நாள்களைப் பிரித்துக் குறிப்பிடச் சொல்லுங்கள்.

போகும்போது பழைய கோத்தார்ட் பாதையில் ஓடும் 'த்ரேனோ கொத்தார்தோ' புகையிரதத்தில் ஏறுங்கள். 2016இல் திறக்கப்பட்ட 57 கிலோமீற்றர் சுரங்கம் விரைவானதுதான். ஆனால் ஏறக்குறைய இருபது நிமிடம் ஜன்னலில் உங்கள் முகம் மட்டுமே தெரியும். 1882ஆம் ஆண்டுப் பாதையோ மலைக்குள் சுழன்று ஏறுவதால், வாஸன் கிராமத்துத் தேவாலயம் முதலில் தலைக்கு மேலும், பிறகு கண்ணுக்கு நேராகவும், கடைசியில் காலடியிலுமாக மூன்று முறை தோன்றும். தெமோதரையில் பதுளைப் புகையிரதம் தன் நிலையத்துக்கு அடியிலேயே புகுந்து செல்வதைக் கண்டவர்களுக்கு இந்த வித்தை உடனே புரியும்.

வழியில் பெலின்சோனாவில் இறங்கி, 2000ஆம் ஆண்டு முதல் உலக மரபுரிமைப் பட்டியலில் உள்ள மூன்று கோட்டைகளில் ஒன்றையாவது பாருங்கள், காஸ்தெல்கிராந்தே போதும். தங்குவதற்கு லொகார்னோவையே நான் சொல்வேன். அது நிற்கும் மஜ்ஜோரே ஏரிக்கரை கடல்மட்டத்திலிருந்து 193 மீற்றர்தான், பனைகள் வளர்கின்றன. அதே மாநிலத்தின் அதூலா சிகரமோ 3,402 மீற்றர். ஏரிக்கரையில் பருத்திச் சட்டை போதும் என்பதை நம்பி மேலே போகாதீர்கள்.

ஒரு நாளை வெர்சாஸ்கா பள்ளத்தாக்குக்கு ஒதுக்குங்கள். லவெர்தெஸ்ஸோவில் இரட்டை வளைவுக் கல்பாலத்தின் கீழ் ஆற்றுநீர் பச்சைக் கண்ணாடிபோல் நிற்கும். கோடையிலும் கணுக்கால் வரை இறங்கியதும் விரல்கள் மரத்துவிடும். அடியில் இழுவிசை பலமானது. நீந்தத் தெரிந்தவர்களும் மூழ்கியிருக்கிறார்கள். பிள்ளைகளைக் கரையோரப் பாறைகளோடு நிறுத்திவையுங்கள். இன்னொரு நாள் மிஞ்சினால் சுமார் 1,500 மீற்றர் உயரத்திலுள்ள பொஸ்கோ குரின் செல்லலாம். 13ஆம் நூற்றாண்டில் மலை கடந்து வந்த, ஜேர்மன் பேசும் வால்சர் மக்கள் குடியேறிய ஊர் அது. சுற்றிலும் இத்தாலியம் சூழ்ந்திருக்க, அங்கே பழைய ஜேர்மன் வழக்கு இன்னும் எஞ்சியிருக்கிறது.

உணவுக்கு 'குரொத்தோ' எனப்படும் கல் உணவகங்களைத் தேடுங்கள். பொலெந்தா நம் களிக்கு நெருங்கிய உறவு. ரிசோத்தோ என்னும் குழைந்த சோற்றைப் பெரும்பாலும் இறைச்சி வடிசாற்றில் வேகவைப்பதால், சைவர்கள் இறைச்சித் துண்டு இல்லை என்பதோடு திருப்திப்படாமல், 'புரோதோ வெஜெத்தாலே?', அதாவது காய்கறிச் சாறா, என்று கேட்டபின்பே அதைக் கொண்டுவரச் சொல்ல வேண்டும்.