உளவியல் துறையிலிருந்தபடியே மனித–கணினி ஊடாட்டம் பயில்வது எப்படி?

கொழும்பில் உளவியல் பட்டம் பயிலும் ஒருவர் மனிதக் காரணியியலிலோ (கருவிகளை மனிதரின் இயல்புக்கேற்ப வடிவமைக்கும் துறை) மனித–கணினி ஊடாட்டத்திலோ (மனிதர் கணினியையும் அதன் திரைகளையும் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் துறை) ஆர்வம் கொண்டால், அது கணினிப் பீடத்துக்கு உரிய விடயம் என்று ஒதுங்கிவிட வேண்டியதில்லை. இத்துறைகளின் வளர்ச்சியில் உளவியலாளர்களுக்குப் பெரும் பங்குண்டு. இரண்டாம் உலகப் போரில் பி-17 குண்டுவீச்சு விமானங்களைத் தரையிறக்கிய விமானிகள் சிலர், இறக்கைமடலை மடக்குவதற்குப் பதிலாகச் சக்கரங்களை மடக்கிவிட்டனர். அல்போன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் அதைக் கவனக்குறைவு என்று முடிவுகட்டாமல் விமானி அறையைப் பார்வையிட்டு, ஒரே தோற்றமுடைய இரு ஆளிகள் அருகருகே இருப்பதைக் கண்டார். ஒன்றில் சிறு சக்கர வடிவத்தையும் மற்றதில் ஆப்பு வடிவத்தையும் பொருத்தி, கை தொட்டே வேறுபாட்டை அறியச் செய்தார்.

ஆகவே முதலில் கவனிக்க வேண்டியவை, உங்கள் துறையில் ஏற்கெனவே உள்ள பாடங்களே: புலக்காட்சி, கவனம், நினைவு, பரிசோதனை முறை, புள்ளிவிபரவியல். ஓர் இலக்கைத் தொட எடுக்கும் நேரம் அதன் தூரத்தையும் அகலத்தையும் பொறுத்தது என்று 1954இல் உளவியலாளர் போல் ஃபிட்ஸ் காட்டியது, இன்று கைத்தொலைபேசிப் பொத்தானின் அளவைத் தீர்மானிக்கவும் பயன்படுகிறது. குறுகிய கால நினைவின் கொள்ளளவு பற்றி உளவியலாளர் ஜோர்ஜ் மில்லர் 1956இல் எழுதிய 'ஏழு, கூட்டியோ குறைத்தோ இரண்டு' என்பதைக் காட்டி மெனுவில் ஏழு தெரிவுகளுக்கு மேல் கூடாது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். மெனு கண்முன் இருக்கிறது, அதை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

நிரலாக்கத்தில் தேர்ச்சி கட்டாயமன்று. கடதாசியில் வரைந்த திரைகளைக் கொண்டே நல்ல ஆய்வு செய்யலாம். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பயில்பவர்கள், அங்குள்ள கணினிக் கல்லூரியின் ஊடாட்டப் பாடத்தைச் செவிமடுக்க அனுமதி கிடைக்குமா என்று துறைத்தலைவர் வழியாக விசாரித்துப் பார்க்கலாம்.

ஆய்வுத் தலைப்புக்குத் தொலைதூரம் போக வேண்டாம். மும்மொழி நகரமான கொழும்பில், ஆங்கிலத்தில் வடிவமைத்த திரைக்குள் தமிழைப் பிற்பாடு திணிப்பது வழக்கமாகிவிட்டது. 'பே' என்ற சிறு ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்த பொத்தானில் 'கட்டணத்தைச் செலுத்துக' அடங்காமல், எழுத்து சிறுக்கும் அல்லது பாதியில் வெட்டுப்படும். தமிழ்த் திரை இருந்தும் வெள்ளவத்தையில் ஒருவர் ஆங்கிலத்தைத் தெரிவுசெய்கிறார் என்றால், அதற்குக் காரணம் பழக்கமா, சொற்களின் கடினமா, எழுத்தின் அளவா என்பதைப் பிரித்தறிவது பட்டப்படிப்பு ஆய்வுக்குப் போதிய கேள்வி. ஒரே நபரிடம் இரு மொழித் திரைகளையும் சோதிப்பதாயின், பாதிப் பேருக்குத் தமிழையும் மீதிப் பேருக்கு ஆங்கிலத்தையும் முதலில் கொடுங்கள். இல்லாவிட்டால் பழகியதன் பலனை மொழியின் பலனாக எண்ணிவிடுவீர்கள்.

சோதனைக்கு ஏற்ற எளிய முறை, பங்குபற்றுநரை உரக்கச் சிந்திக்கச் செய்வது. பரிசோதனைக்கென ஆக்கிய போலிக் கணக்கில் மின்கட்டணம் செலுத்துவது போன்ற ஒரு வேலையைக் கொடுத்து, மனதில் ஓடுவதை அப்படியே சொல்லும்படி கேளுங்கள். அவர் தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசினால் திருத்தாமல் பேசியவாறே பதியுங்கள். கடினமான பகுதி உங்கள் மௌனம்தான். தாயின் வயதுடைய ஒருவர் தவறான பொத்தானின் மேல் விரலை வைத்துத் தயங்கும்போது, 'அன்ரி, கீழே பாருங்கோ' என்று சொல்ல வாய் துடிக்கும். சொன்னால் அந்தத் தரவு போயிற்று. 'இப்ப என்ன நினைக்கிறீங்கள்?' என்பதற்கு மேல் கேட்க வேண்டாம். முடிவில் அவர் 'அது நல்லாத்தான் இருக்கு பிள்ளை, எனக்குத்தான் விளங்கேல்லை' என்பார். அது மரியாதைக்குச் சொல்வது. விமானியைக் குறைகூறியவர்களின் தவறை இங்கே பயனரே தம்மீது செய்துகொள்கிறார். குறிப்பேட்டில் அவர் எங்கே நின்றார், எதை இருமுறை வாசித்தார் என்பதே முதன்மை பெற வேண்டும்.

அதன்பின் ஒரு திரையோ கருவியோ பயன்படுத்த எவ்வளவு எளிது என்று பயனரிடமே கேட்கும் வினாக்கொத்தான, ஜோன் புரூக் 1986இல் உருவாக்கிய பயன்பாட்டு அளவுகோலைக் (System Usability Scale) கொடுக்கலாம். அதன் பத்துக் கூற்றுகளும் சாதகமும் பாதகமுமாக மாறிமாறி வரும். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரையான எண்ணால் விடையளிப்பர். ஒற்றைப்படைக் கூற்றின் விடையில் ஒன்றைக் கழித்து, இரட்டைப்படைக் கூற்றின் விடையை ஐந்திலிருந்து கழித்து, கூட்டுத்தொகையை 2.5ஆல் பெருக்கினால் 0 முதல் 100 வரையான புள்ளி வரும், அது சதவீதமன்று. தமிழாக்கும்போது எதிர்மறைக் கூற்றுகள் எளிதில் குழம்பும் என்பதால், மூலத்தை அறியாத ஒருவரைக் கொண்டு அவற்றை மீண்டும் ஆங்கிலத்துக்குப் பெயர்த்து ஒப்பிடுங்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். தகவலறிந்த சம்மதப் படிவத்தைத் தமிழிலும் தயாரித்து, தவணையின் தொடக்கத்திலேயே விண்ணப்பியுங்கள். உண்மையான வங்கிக் கணக்கையோ இரகசிய எண்ணையோ எந்தக் கட்டத்திலும் கேட்கக் கூடாது. ஆய்வு முடிந்தபின், திரையின் படங்களோடும் கண்ட இடர்ப்பாடுகளோடும் இரண்டு பக்கச் சுருக்கம் ஒன்றையும் எழுதிவையுங்கள்; மென்பொருள் நிறுவனத்தின் நேர்முகத் தேர்வில் முழு ஆய்வேட்டைப் புரட்ட யாருக்கும் நேரமிராது.